பெட்டரி செத்துப் போனதா, பட்டினி கிடக்கிறதா?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் பெட்டரி ட்ரில், பெட்டரி கிரைண்டர், மருந்தடிக்கிற டேங்க் என்று ஏதாவது ஒன்றை நம்பி உழைக்கிறவர் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். நேரமில்லாதவர்களுக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "செத்துப் போச்சு" என்று நாங்கள் வீசுகிற பெட்டரிகளில் பல இன்னும் சாகவில்லை. அதேபோல, யூடியூப் வீடியோவில் ஒரு நிமிடத்தில் உயிர் கொடுத்துக் காட்டுகிற பெட்டரிகளில் பல, வீட்டுக்குள் வைத்திருக்கவே தகுதியில்லாதவை. எது எந்த வகை என்று அளந்து சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் மிகக் குறைவு. அந்த அறிவைப் பாடசாலையும் தொழிற்பயிற்சி நிலையங்களும் சாமான் விற்கிற கடைகளும் சேர்ந்து கொடுக்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வருவது.

ஒரு பெட்டரிக்கு இவ்வளவு பெரிய பதிவா என்று கேட்பீர்கள். எல்ல டவுனைச் சுற்றிப் பாருங்கள். கபானா, கெஸ்ட் ஹவுஸ், பலகை வீடு என்று வேலை நடந்துகொண்டே இருக்கிறது. மலைச்சரிவில், கரன்ட் கம்பி இன்னும் வராத இடத்தில், வயர் இல்லாத ட்ரில்தான் வேலையை ஓட்டுகிறது. அந்த வேலைகளில் தெமோதர, ஹாலி-எல, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர். கொழுந்துக் கூடையை விட்டுத் தொழில் பழக வந்தவர்கள். ஒரே கட்டடத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள பாஸ்மார் மூவரும் நிற்பார்கள். மூவரும் ஒரே சார்ஜரைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

அந்தப் பிள்ளைக்கு ட்ரில் வெறும் சாமான் இல்லை, சம்பளம். சொந்தச் சாமான் உள்ளவன் பாஸ், இல்லாதவன் கையாள். இரண்டு பேருடைய நாட்கூலிக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. பெயர் பெற்ற கம்பனியின் பெரிய லித்தியம் பெட்டரி ஒன்றின் விலை அப்படியான பத்து நாள் சம்பளத்தைத் தாண்டும். சில வேளை மெசினை விடப் பெட்டரி விலை கூட. ஆகவே பெட்டரி போனால் அந்த மெசின் லயக் காம்பராவின் மூலையில் கிடக்கும், பையன் திரும்பவும் கையாளாகப் போவான். நான் படிப்பித்த பிள்ளைகளிலேயே இதைப் பார்த்திருக்கிறேன்.

2022-ஐ நாங்கள் மறக்கக் கூடாது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரன்ட் நிறுத்தினார்கள். டொலர் இல்லை, இறக்குமதிக்குத் தடை, வந்த சாமானுக்கும் இரட்டை விலை. அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது புதிதாக வாங்கியவை அல்ல, பழையதைத் திருத்தத் தெரிந்த கைகள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோதும் அதே பாடம்தான். பாதைகள் அறுந்து, பல இடங்களில் நாட்கணக்கில் கரன்ட் இல்லாமல் இருந்தபோது, கூரைத் தகரத்தைத் திரும்ப அடிக்கவும் விழுந்த மரத்தை வெட்டவும் சார்ஜ் உள்ள ஒரு பெட்டரி எவ்வளவு பெறுமதி என்பது விளங்கியது.

சரி, விடயத்துக்கு வருவோம்.

பெட்டரிக்குள் என்ன இருக்கிறது?

18 வோல்ட் என்று எழுதிய லித்தியம் பெட்டரியைக் கழற்றினால் உள்ளே ஒரே பெட்டரி இருக்காது. விரல் மொத்தத்தில் உருளையான செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழுதாகச் சார்ஜ் ஆனால் ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு வரும், ஐந்தும் சேர்ந்தால் 21. சில கம்பனிகள் "20 வோல்ட்" என்று பெரிதாக எழுதி விற்பதும் இதே ஐந்து செல்தான். ஒருவர் சாதாரண அளவை எழுதுகிறார், மற்றவர் சார்ஜ் ஏறிய உடனே உள்ள அளவை எழுதுகிறார். இருபது பதினெட்டை விடப் பலமானது என்று நம்பிக் கூடுதல் சல்லி கொடுக்காதீர்கள். பெரிய பெட்டரியில் பத்துச் செல் இருக்கும். அங்கே இரண்டிரண்டு சமாந்தரமாக இணைந்து, அந்த ஐந்து சோடிகள் தொடராக நிற்கும். வோல்ட் அதேதான், வேலை செய்யும் நேரம் இரட்டிப்பு.

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த எல்லோருக்கும் தொடர் இணைப்பு தெரியும். தொடரில் ஒன்று படுத்தால் எல்லாம் படுத்தது போலத்தான். ஐந்து பேர் சேர்ந்து தூக்குகிற மரக்குற்றியில் ஒருவர் கையை விட்டால் மற்ற நான்கு பேரும் வைத்துவிடத்தான் வேண்டும். அதற்காக நான்கு பேரையும் வீட்டுக்கு அனுப்புவோமா?

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, இப்போது பலகை வேலை செய்கிறான், ஒரே மெசினின் இரண்டு பெட்டரிகளைக் கொண்டு வந்தான். "சேர், ரெண்டும் செத்துட்டாம். கடையில புதுசு எடுக்கச் சொல்றாங்க." சார்ஜரில் வைத்தால் இரண்டிலும் ஒரே சிவப்பு விளக்குத்தான் மின்னியது. கழற்றி அளந்தோம். முதலாவதில் ஐந்து செல்லும் 2.7 வோல்ட் அளவில் ஒரே சீராக இருந்தன. மெசினோடு மாட்டியபடி சில மாதங்கள் கிடந்ததால் பட்டினி கிடந்த பெட்டரி அது. இரண்டாவதில் நான்கு செல்கள் 3.7, ஒன்று மட்டும் 0.4. முதலாவது மெதுவாகச் சார்ஜ் செய்ய எழும்பியது, இன்னும் ஓடுகிறது. இரண்டாவதை எழுப்ப நான் விடவில்லை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நோய். உள்ளே பார்த்தால் ஒன்றுக்குச் சாப்பாடு போதும், மற்றதில் ஒரு செல் மௌத்து.

கடைக்காரர் "இரண்டும் செத்தது" என்றார். வீடியோக்காரர் "இரண்டையும் எழுப்பலாம்" என்பார். இரண்டு பேருமே அளந்து பார்க்கவில்லை.

வீடியோ வித்தை எங்கே ஆபத்தாகிறது?

வீடியோவில் காட்டுவது இதுதான். நல்ல பெட்டரி ஒன்றை எடுத்து, வயர் துண்டு இரண்டால் செத்த பெட்டரியோடு கூட்டலைக் கூட்டலுக்கும் கழித்தலைக் கழித்தலுக்கும் ஒரு நிமிடம் பிடிப்பார்கள். பிறகு சார்ஜரில் வைத்தால் பச்சை விளக்கு எரியும். கீழே ஆயிரம் பேர் நன்றி எழுதியிருப்பார்கள்.

ஏன் அது வேலை செய்கிறது? பெட்டரியின் வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே போனால் சார்ஜர் அதை ஏற்காது. அது கோளாறு இல்லை, காவல். நல்ல பெட்டரியிலிருந்து கொஞ்சம் தள்ளிவிட்டதும் வோல்ட் ஏறுகிறது, சார்ஜர் ஏமாறுகிறது. பட்டினி கிடந்த பெட்டரி என்றால் பிழைத்துக்கொள்ளும். அப்போதும், அந்த வயரில் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்பதைக் கட்டுப்படுத்த அங்கே எதுவும் இல்லை.

ஒரு செல் மட்டும் பழுதாக இருந்தால் கணக்கைப் பாருங்கள். சார்ஜர் மொத்தம் 21 வோல்ட் வரும்வரை ஏற்றும். பலவீனமான செல் 3 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை என்று வையுங்கள். மீதி 18 வோல்ட் நான்கு நல்ல செல்களுக்கும் போகும். ஆளுக்கு 4.5. ஒரு லித்தியம் செல் தாங்கக்கூடியது 4.2. நல்ல கம்பனிப் பெட்டரியில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிற பலகை உள்ளே இருக்கும், அது நிறுத்திவிடும். மலிவான பெட்டரிகள் பலவற்றில் அந்தக் கவனிப்பு இல்லை. அங்கே வெடிப்பது நோயாளிச் செல்லாக இராது, பக்கத்தில் இருக்கிற நல்ல செல்லாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. லித்தியம் செல் 2 வோல்ட்டுக்கும் கீழே போய் நெடுநாள் கிடந்தால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுஞ்சுற்றை உண்டாக்கலாம். அன்றைக்கே நடக்க வேண்டும் என்றில்லை. பத்தாவது சார்ஜில், நடுச்சாமத்தில், எல்லோரும் தூங்கும்போது நடக்கலாம். அதனால்தான் அந்த 0.4 வோல்ட் செல்லை எழுப்ப விடவில்லை.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் பிள்ளைகள் பெட்டரி சார்ஜ் செய்வது லயத்தில். பக்கத்துக் காம்பராவுக்கும் இதற்கும் இடையில் ஒரு சுவர், மேலே ஒரே கூரை. ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் ஒரு லயமே போகிறது. மலையகத்தில் இந்தச் செய்தியை நாங்கள் எத்தனை தடவை வாசித்துவிட்டோம்! என் பெட்டரி, என் காசு, என் விருப்பம் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டாருக்கும் இதில் உரிமை இருக்கிறது. பழையதை வீசாமல் பாவிப்பது நல்ல விடயம், வீண்விரயம் கூடாதுதான். ஆனால் அயலவரின் உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.

ஒரு பெயர், மூன்று குணம்

எங்கள் பக்கம் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. எல்லாவற்றையும் பெட்டரி என்றே சொல்கிறோம். ஆனால் ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதுக்கு விஷம்.

முதலாவது, பழைய ட்ரில்களில் வந்த நிக்கல் கட்மியம். செல் ஒன்று 1.2 வோல்ட், 12 செல் சேர்ந்தால் 14.4. இதில் காலப்போக்கில் ஊசி போல நுண்ணிய கட்மியப் படிகங்கள் வளர்ந்து செல்லுக்குள் இரண்டு பக்கத்தையும் தொட்டுவிடும். அப்போது சார்ஜ் ஏறாது. பழைய பாஸ்மார் கார் பெட்டரியால் ஒரு "அடி" கொடுத்து எழுப்புவது இதைத்தான். பெரிய மின்னோட்டம் அந்த ஊசியை எரித்துவிடும். ஆனால் ஊசி துளைத்த ஓட்டை அப்படியே இருக்கும், கொஞ்ச நாளில் திரும்ப வளரும். செல் சூடாகி வெடித்துக் கண்ணில் தெறித்தால் அதற்கு வைத்தியம் இல்லை. அந்த அடியை லித்தியத்துக்குக் கொடுத்தால் அது நேரே நெருப்பு. வீடியோக்களில் பல, எந்த வகைப் பெட்டரி என்பதையே சொல்வதில்லை.

இரண்டாவது, லித்தியம். மேலே சொன்னது எல்லாம் இதற்கு.

மூன்றாவது, வெலிமடை, பண்டாரவளை மரக்கறித் தோட்டங்களில் முதுகில் சுமந்து மருந்தடிக்கிற டேங்க். அதில் பெரும்பாலும் 12 வோல்ட் ஈய அமிலப் பெட்டரி, அதாவது மோட்டார்சைக்கிள் பெட்டரியின் தம்பி. இது சாவதற்கு முக்கிய காரணம், மருந்தடித்து முடித்து அடுத்த போகம் வரை சார்ஜ் இல்லாமல் மூலையில் வைப்பது. உள்ளே ஈய சல்பேற்று கல்லாக இறுகிவிடும். கொஞ்ச நாள்தான் கிடந்தது என்றால் மெதுவாக, நீண்ட நேரம் சார்ஜ் செய்யப் பாதியாவது திரும்பி வரும். ஒரு போகம் முழுவதும் கிடந்தது என்றால் ஆசையை விடுங்கள்.

ஆகவே எடுத்து வைக்கும் முறையும் மூன்று விதம். ஈய அமிலத்தை முழுதாகச் சார்ஜ் செய்து வைக்க வேண்டும், மாதம் ஒரு தடவை திரும்ப ஏற்ற வேண்டும். லித்தியத்தைப் பாதிச் சார்ஜில், மெசினிலிருந்தும் சார்ஜரிலிருந்தும் கழற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். நிக்கல் கட்மியம் வெறுமையாகக் கிடந்தாலும் கோபிக்காது. இந்த மூன்று வரியைத் தெரிந்திருந்தாலே எழுப்ப வேண்டிய பெட்டரிகளில் பல படுத்திருக்காது. ஃப்ரீசரில் வைத்தால் பெட்டரி உயிர் பெறும் என்பது பொய். உள்ளே ஈரம் பிடித்து பலகை துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

எப்படித் தீர்மானிப்பது?

ஒரு மீட்டர் போதும். அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஒழுங்கு இதுதான்.

1. முதலில் பெட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள். அதே பெட்டரியை வேறு சார்ஜரிலும், அதே சார்ஜரில் வேறு பெட்டரியையும் வைத்துப் பாருங்கள். தகடுகளில் சீமெந்துத் தூள், பலகைத் தூள் பிடித்திருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். சில "செத்த" பெட்டரிகள் இங்கேயே எழும்பிவிடும்.

2. கண்ணாலும் மூக்காலும் பாருங்கள். உப்பல், உருகல், ஈரக்கசிவு, இனிப்பான இரசாயன வாடை, தண்ணீரில் மூழ்கிய அடையாளம், இதில் ஒன்று இருந்தாலும் கழற்ற வேண்டாம், சார்ஜ் செய்ய வேண்டாம். வெள்ளத்தில் அகப்பட்ட பெட்டரிகளுக்கு இதைத் திரும்பவும் சொல்கிறேன்.

3. மொத்த வோல்ட்டை அளவுங்கள். மீட்டரை 20-இல் வைத்தால் முழுச் சார்ஜில் உள்ள பெட்டரி அதைத் தாண்டிவிடும், வெறும் 1 என்று காட்டும். 200-இல் வையுங்கள்.

4. பெட்டியைத் திறப்பது பழகியவர் வேலை. உள்ளே ஒவ்வொரு செல்லையும் அளந்து எழுதுங்கள். எல்லாம் ஒரே சீராகக் குறைந்திருந்தால், 2 வோல்ட்டுக்கு மேலும் இருந்தால், அது பட்டினி. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சார்ஜரால், 2 அம்பியர்-மணி செல்லுக்கு 0.2 அம்பியர் அளவில், செல் ஒன்று 3 வோல்ட் வரும்வரை ஏற்றிவிட்டுப் பிறகு அதன் சொந்தச் சார்ஜரிடம் கொடுக்கலாம். ஒன்று மட்டும் கொஞ்சம் பின்தங்கியிருந்தால் அதைத் தனியாக மற்றவற்றின் அளவுக்குக் கொண்டு வரலாம். ஒன்று பாதாளத்தில் இருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும்.

5. எழும்பிய பெட்டரியை ஒரு நாள் முழுக்க வெளியே, சீமெந்துத் தரையில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். மறுநாள் திரும்ப ஒவ்வொரு செல்லையும் அளவுங்கள். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பெட்டரி தன் பதிலைச் சொல்லிவிட்டது. சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டி, ட்ரில்லை அழுத்தியதும் படுத்துவிட்டால் அது முதுமை. அகத்தடை கூடிவிட்டது. முதுமைக்கு எந்த வித்தையும் இல்லை.

செல் மாற்றுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பழைய லெப்டொப் பெட்டரியிலிருந்து எடுத்த செல்லை ட்ரில்லுக்குப் போடாதீர்கள். லெப்டொப் சில அம்பியர்தான் கேட்கும், ட்ரில் இறுகினால் 20, 30 அம்பியர் இழுக்கும். உருவம் ஒன்றுதான், வேலை வேறு. மற்றது, 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள செல்லில் 9,900 என்று எழுதியிருந்தால் அது பச்சைப் பொய். அந்த அளவில் கிடைக்கிற நல்ல செல்லே ஏறக்குறைய 3,500 மில்லியம்பியர்-மணிதான். ஈயம் உருக்கி நேரே செல்லில் ஒட்டுவதும் கூடாது. சூட்டில் செல் உள்ளே கெட்டுவிடும். நிக்கல் பட்டையைப் புள்ளி வெல்டிங்கால்தான் ஒட்ட வேண்டும்.

மறுப்புச் சொல்கிறவர்களுக்கு

"நீங்கள் ஒரு ஆசிரியர். இந்த ஆபத்தான வேலையைப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டும்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில், பிள்ளைகள் ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறது, அதில் வீடியோ இருக்கிறது. நாங்கள் சொல்லிக் கொடுக்காவிட்டால் அவர்கள் செய்யாமல் இருக்கப் போவதில்லை, அளக்காமல் செய்வார்கள். வகுப்பில் லித்தியம் பெட்டரியைக் கழற்றத் தேவையில்லை. ரிமோட்டுக்குப் போடுகிற நான்கு சாதாரணச் செல்லைத் தொடராக வைத்து, ஒன்றை மட்டும் பழையதாக வைத்து, மீட்டரால் அளக்கச் சொன்னால் போதும். எது பலவீனம் என்று பத்தாம் ஆண்டுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதும் அறிவுதான். அதை வீடியோ சொல்லித் தராது.

"மலிவான புதுப் பெட்டரி வாங்குவது திருத்துவதை விட லாபம்" என்கிறார்கள். சில வேளை உண்மை. செல் எல்லாம் முதுமையடைந்த பெட்டரிக்குச் செலவழிப்பது முட்டாள்தனம். ஆனால் அதையும் அளந்த பிறகுதான் சொல்ல முடியும். பெயர் தெரியாத மலிவுப் பெட்டரிக்குள் என்ன செல் இருக்கிறது என்பதை யார் அளந்தது?

"திருத்திய பெட்டரி தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" இது மூன்றிலும் கனமான கேள்வி. அதற்காகத்தான் இது ஒழுங்கான தொழிலாக வர வேண்டும் என்கிறேன். அளந்த எண்களை எழுதிக் கொடுக்கிற, தன் பெயரைப் போடுகிற, "இதை நான் திருத்த மாட்டேன்" என்று சொல்லத் துணிகிற பழுதுபார்ப்பவர் வேண்டும். திருத்திய பெட்டரியைப் புதியது என்று விற்பது மோசடி. குறையை மறைத்து விற்பது எந்த மார்க்கத்திலும் ஆகுமானது அல்ல.

உலகம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டு வந்த பெட்டரிச் சட்டத்தின்படி, 2027 பெப்ரவரி 18 முதல் மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் போன்றவற்றின் பெட்டரிக்குள் இருக்கும் தனித்தனிச் செல்லைக் கூட வெளியில் உள்ள தொழிலாளி ஒருவர் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ட்ரில் பெட்டரிக்கு அந்தச் செல் விதி இல்லை. அதற்கு, பெட்டரியை மெசினிலிருந்து கழற்றி மாற்ற முடிந்தால் போதும். இருந்தாலும் வழி திறந்துவிட்டது. சில தயாரிப்புகளில், சில தடவை சார்ஜ் தோல்வியடைந்தால் உள்ளே உள்ள பலகை தன்னைத் தானே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்கிறது. செல்லெல்லாம் நல்லதாக இருந்தாலும் பெட்டரி குப்பை. இதைப் பாதுகாப்பு என்பதா, வியாபாரம் என்பதா? வாங்குகிறவருக்கு அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதையாவது நாங்கள் கேட்கலாம்.

குப்பை என்றதும் இன்னொன்று. உண்மையாகவே செத்த பெட்டரி எங்கே போகிறது? எங்கள் ஊர்களில் கானுக்குள், லயத்துக்குப் பின்னால், அல்லது குப்பையோடு எரிக்கிற நெருப்பில். நாங்கள் இருப்பது நீர் பிறக்கிற மலையில். எல்லப் பக்கத்து நீர் கிரிந்தி ஓயாவுக்கு இறங்குகிறது. பதுளைப் பக்கத்து நீர் பதுளு ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. ஈயமும் கட்மியமும் கரைந்தால் கீழே உள்ளவர்கள் குடிப்பார்கள். கட்மியம் எலும்பையும் சிறுநீரகத்தையும் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் தொயாமா மாகாணத்து ஜின்சு ஆற்றங்கரை மக்கள் சாட்சி. 1968-இல் அந்த நாட்டு அரசாங்கமே அந்த நோய்க்குக் காரணம் கட்மியம் என்று ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவில் 2016 முடிவோடு கைமெசின்களுக்கு நிக்கல் கட்மியம் பெட்டரி விற்பதையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீடுகளில் அவை இன்னும் அலுமாரிக்கு அடியில் கிடக்கின்றன.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

கடைக்காரச் சகோதரர்களே, மெசினை விற்கும்போது இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். மூன்று வருடம் கழித்து இந்தப் பெட்டரி தனியாகக் கிடைக்குமா? பழையதைத் திரும்ப எடுப்பீர்களா? கவுண்டரில் ஒரு மீட்டர் வையுங்கள். "செத்துப் போச்சு" என்று சொல்ல முன் அளந்து காட்டுங்கள். புதுசு விற்கிற வாய்ப்பு ஒன்று போகலாம், ஆனால் அந்த வாடிக்கையாளர் வாழ்நாள் முழுக்க உங்களிடம்தான் வருவார்.

பிரதேச சபை, மாநகர சபை உறுப்பினர்களே, டவுனில் ஓர் இடத்தில் மணல் போட்ட மூடியுள்ள இரும்புப் பீப்பாய் ஒன்று. முனைகளில் டேப் ஒட்டிய பழைய பெட்டரிகளை மக்கள் அதில் போடட்டும். அபாயமான கழிவைச் சேகரிக்க அனுமதிப்பத்திரம் பெற்றவர்களிடம் அதை ஒப்படைப்பது உங்கள் வேலை.

பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பெட்டரி சோதனை, செல் மாற்றல், தீப் பாதுகாப்பு என்று ஒரு குறுகிய பயிற்சி, தமிழ் மொழியிலும். தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு தொழில், பாஸ்மாருக்கு ஒரு நம்பிக்கையான இடம். 2013-இல் உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை வந்தபோது நாங்கள் எதிர்பார்த்தது இப்படியான விடயங்களைத்தானே? லித்தியம் பெட்டரிக்காக 2019-இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே இரசாயனவியலைத்தான் எங்கள் பிள்ளையும் படிக்கிறது. பரீட்சைத் தாளோடு அது நின்றுவிடக் கூடாது.

பெற்றோரே, மெசின் வைத்திருக்கிற தம்பிமாரே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இரவில் தூங்கப் போகும்போது சார்ஜரைக் கழற்றுங்கள். வேலை முடிந்து சூடாக இருக்கிற பெட்டரியை ஆற விட்டுப் பிறகு சார்ஜ் செய்யுங்கள். கட்டில், துணி, கதவடிக்குப் பக்கத்தில் சார்ஜ் செய்யாதீர்கள். கதவடியில் பிடித்தால் வெளியேற வழி இராது. புகைய ஆரம்பித்தால் புகையைச் சுவாசிக்காமல் முதலில் ஆட்களை வெளியே எடுங்கள், பிறகு தூர நின்று வாளி வாளியாகத் தண்ணீர். பெட்டரியைக் காப்பாற்ற யாரும் உள்ளே ஓட வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை, ஹப்புத்தளை, எல்ல, எந்த ஊராக இருந்தாலும், செல்லை அளந்து பார்த்து எண்ணைக் காட்டி உண்மை சொல்கிற பழுதுபார்ப்பவர் உங்கள் பக்கம் இருந்தால் ஊரின் பெயரைக் கீழே எழுதுங்கள். பட்டியல் ஒன்று சேர்ப்போம். இல்லையென்றால் "எங்கள் ஊரில் இல்லை" என்றும் எழுதுங்கள். பயிற்சி நிலையங்களில் போய்க் கேட்கும்போது அந்தப் பட்டியலையும் கையில் கொண்டு போகலாம், இன்ஷா அல்லாஹ்.